மஞ்சளாகாத தகடு

என் நாத்தனார் புருஷன் சூரிய மின்தகடு செய்யும் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். நான் அவரை அண்ணன் என்பேன். கண்ணாடித் துண்டில் பெரோவ்ஸ்கைட் என்று ஒரு பூச்சு பூசுவார்கள், கன்னங்கரேலென்று இருக்கும். வெயிலை நன்றாகக் குடிக்கும். ஆனால் சரியான தொட்டாற்சிணுங்கி. ஈரக்காற்று பட்டால் மஞ்சளாகிச் செத்துப்போகும். அதைச் சாகவிடாமல் காப்பதுதான் அங்கே எல்லோருக்கும் பாடு.

அண்ணன் மாரடைப்பில் போனபின் நாத்தனாருக்கு அங்கேயே துப்புரவு வேலை கொடுத்தார்கள். நான் முன்பே அங்கே கூட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வேலை செய்த கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றுப் புகாது. கைவிட்டு வேலை செய்ய அதில் இரண்டு ரப்பர் கையுறைகள் உண்டு. ஆளில்லாதபோது உள்ளிருக்கும் வாயு தள்ள, அவை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், யாரையோ கூப்பிடுவதுபோல. அந்தப் பக்கம் போனால் நான் சாமி பெயரைச் சொல்லிக்கொள்வேன். அவளோ வலது கையுறையைப் பிடித்து, "வந்துட்டேன்" என்பாள்.

எத்தனை நாள் தாங்குகிறதென்று பார்க்க விளக்குக்கு அடியில் வைத்த தகடுகளில் மஞ்சளானதைத் தூக்கிப்போடுவது வழக்கம். மற்றவர்கள் செய்ததெல்லாம் போய்விட்டது. அண்ணன் கடைசியாகச் செய்தது மட்டும் கறுப்பு மாறவில்லை, மின்சாரமும் குறையவில்லை.

"என்னைக்கூட இப்படி உத்துப் பார்த்ததில்ல அண்ணி, இதைத்தான் பார்த்துட்டிருப்பார்" என்று சிரிப்பாள். பிறகு, "இது கறுப்பா இருக்கிறவரைக்கும் அவர் போகல" என்பாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ஆய்வுக்கூடத் தலைவி அவளிடம் வந்தார்.

"இது மட்டும் ஏன் கெடலன்னு தெரியணும்மா. அறுத்துத்தான் பார்க்கணும். அறுத்தா தங்காது. நீங்க வேண்டாம்னா விட்டுடறேன்."

நாத்தனார் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "அவர் இருந்தா என்ன சொல்வார்?"

"இன்னுமா அறுக்கலன்னு திட்டுவார்."

"அப்ப அறுங்க."

அறுத்தார்கள். ஈரக்காற்று நுழையாமல் ஓரத்தை அடைக்கும் பசையை அண்ணன் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தரம் ஓட்டியிருந்தார்.

"வீட்டுப் பூட்டும் அப்படித்தான். தெருமுனை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்" என்றாள்.

"இனிமே எல்லாத்துக்கும் இப்படியே போட்டுப் பார்க்கறோம்மா" என்றார் தலைவி.

மேசையில் கிடந்த பாதித் தகடு ஓரத்திலிருந்து மெல்ல மஞ்சளாகி வந்தது. சீக்காளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் கடவுளை வேண்டிக்கொண்டு நின்றேன். கடைசிக் கறுப்பும் போனதும் எழுந்து, பெட்டியருகே போய், வலது கையுறைக்குள் கையை நுழைத்தாள்.

"சூடா இருக்கு அண்ணி. இப்பத்தான் கையை எடுத்த மாதிரி."

அன்று அந்தப் பெட்டிப்பக்கம் யாருமே வரவில்லை. எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.