அத்தைக்காக யார் ஓடினார்கள்?

எங்கள் தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் சாமியைக் கூப்பிடுவார்கள், அடுத்தது என் அப்பாவைக் கூப்பிடுவார்கள். டாக்டரெல்லாம் மூன்றாவதுதான். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்த வருஷங்களில் பர்மாவில் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டில் குடியிருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அப்பாவுக்கு ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா வேலை. சம்பளம் கொடுத்தது அது. ஆனால் அவர் மனசார பார்த்த உத்தியோகம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது.

அப்போதெல்லாம் எங்கள் ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கட்டில் கிடைக்கும், டாக்டர் கிடைப்பார். மற்றதெல்லாம் நாம்தான். ஊசி, பஞ்சு, கையுறை, தையல் நூல், குளுக்கோஸ் பாட்டில் என்று வேண்டியதை டாக்டர் சொல்லச் சொல்ல, நோயாளியின் ஆள் எதிர்ப்பக்கக் கடைகளுக்கு ஓடி வாங்கி வர வேண்டும். ரத்தம் வேண்டுமென்றால் கொடுக்கிற ஆளையே கையோடு இழுத்து வர வேண்டும். ஓட ஆள் இருந்தால் நோயாளி பிழைத்தான் என்பதுதான் நிலவரம். எந்தக் கடையில் எது இருக்கும், தெருவில் யாருக்கு என்ன ரத்தம் என்பதெல்லாம் அப்பாவுக்கு விரல் நுனியில். என் கணக்கு வாத்தியார் என்னைப் பிரம்பால் விளாசிய அன்று நியாயம் கேட்க அப்பாவிடம் ஓடினேன். "அவர் ஓ நெகட்டிவ்மா, நம்ம தெருவுக்கே ஒருத்தர்தான், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். இப்படிப்பட்ட மனுஷனை வைத்துக்கொண்டு எங்கே போய் முறையிடுவது?

அவருக்கு ஒரே தங்கை, என் அத்தை. புதுச்சேரிப் பூர்வீகக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டாள். கல்யாணச் சீராக மற்றவர்கள் பட்டும் பாத்திரமும் கட்டித் தந்தபோது, அப்பா ஒரு துணிப்பை நிறைய ஊசியும் பஞ்சும் கையுறையும் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயும் அடைத்துத் தந்தார். எந்த ஊருக்குப் போனாலும் இதை விட்டுவிட்டுப் போகாதே என்று மூன்று தரம் சொன்னார். பிரான்சில் பஞ்சு கிடைக்காதா என்று அம்மா கேட்டதற்கு, நேரத்துக்குக் கிடைக்குமா என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். நாங்கள் இருந்தது ஐந்தாவது மாடி. வீட்டில் போன் கிடையாது. கீழ்த்தளத்தில் காசுக்குப் பேசுகிற போன் மேசை போட்டிருந்த பர்மியக்கார அம்மாள் டோ சான், எங்களுக்கு அழைப்பு வந்தால் பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றை இழுப்பாள், மேலே மணி அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்த விதமே சரியில்லை. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே நானும்.

பேசியது அத்தையின் வீட்டுக்காரர். இரண்டு பேரும் சுற்றிப் பார்க்க இத்தாலிக்குப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் அத்தைக்கு வயிற்று வலி. குடல்வால் வெடிக்கிற நிலைமை, உடனே கிழிக்க வேண்டும் என்கிறார்களாம். அப்பா உடனே தொழிலில் இறங்கிவிட்டார். "மாப்பிள்ளை, எதிர்ப்பக்கம் கடை இருக்கா? ரத்தத்துக்கு ஆள் பாத்தீங்களா? பை எங்க, பையைக் கொண்டு வந்தீங்களா?" அதற்குள் லைன் செத்துப்போனது.

அதற்கப்புறம் அப்பாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தெருவில் அத்தனை பேருக்காக ஓடிய கால், கூடப் பிறந்தவளுக்கு ஓட வழியில்லாமல் போன் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாப்பிள்ளைக்கு அந்த ஊர்ப் பாஷை ஒரு வார்த்தை தெரியாது, கடை தெரியாது, ஆள் தெரியாது, என் தங்கச்சி போயிடுவா என்று டோ சானிடம் பர்மியத்தில் சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டோ சான் அன்று வேறு யாருக்கும் போனைக் கொடுக்கவில்லை. வந்தவர்களையெல்லாம் அடுத்த தெரு மேசைக்கு விரட்டினாள். அம்மா மேலே சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடியும் போன் வந்தது. ஆபரேஷன் முடிந்தது, அத்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள் என்றார் மாமா. அப்பா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் ஓடினாங்க?"

இரைச்சலான அந்தப் போனில் கத்தித்தான் பேச வேண்டும், அதனால் மாமா சொன்னது எனக்கும் கேட்டது. "யாரும் ஓடலை மச்சான். நீல கார்டைக் காட்டினேன், உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்க பையைக் குடுத்தேன், நர்ஸ் சிரிச்சிட்டு அலமாரியில வெச்சுட்டா."

அப்பா நம்பவில்லை. கார்டு கொடுத்தது பிரான்சு, ஆஸ்பத்திரி இத்தாலி, அவன் தந்ததை இவன் எப்படி மதிப்பான்? வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி போட்டார். மாமாவும் பொறுமையாகச் சொன்னார். பிரான்சில் அரசாங்கக் காப்பீட்டில் இருப்பவர்கள் கேட்டால் அந்தக் கார்டைச் சும்மாவே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பக்கத்து நாடுகளுக்குக் கொஞ்ச நாள் போன இடத்தில் உடம்புக்கு வந்தால், அந்த ஊர்க்காரனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் என்ன வைத்தியமோ அதே வைத்தியம், அவன் என்ன கட்டுவானோ அதையே நாமும் கட்டினால் போதும். வைத்தியத்துக்கென்றே கிளம்பிப் போனால் செல்லாது, தனியார் ஆஸ்பத்திரியில் செல்லாது. மற்றபடி அந்த நாடுகளில் எதுவானாலும் ஒன்றுதான்.

அப்பா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, ஆளே இல்லாத ஒருத்தன் தனியாக வந்து விழுந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அவனுக்கும் இதேதான் என்றார் மாமா. காதில் சரியாக விழாதவர் மாதிரி அதையே இன்னொரு தரம் கேட்டார். அதே பதில் வந்தது.

போனை வைத்த அப்பா தெருவையே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ஊசி வாங்க ஓட வேண்டாமாம், ரத்தத்துக்கு ஆள் தேட வேண்டாமாம், ஒரு அட்டையாம், அதைப் பார்த்துவிட்டு வேற்று நாட்டான் வயிற்றைக் கிழித்துத் தைத்து அனுப்புகிறானாம் என்று ஊருக்கே பெருமையடித்தார். ஏதோ அந்தக் கார்டை அவரே அச்சடித்த மாதிரி. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இந்த ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற மனுஷனை ஒரு அட்டை வேண்டாதவராக்கிவிட்டது, அது புரியாமல் சிரிக்கிறாரே! "அப்ப அங்கே நீங்க தேவையே இல்லையாப்பா?" என்று கேட்டுவிட்டேன். "தேவையே இல்லைம்மா" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. என் பங்கு டீயை நான் தொடவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான், ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் ஃபேக்டரி வேலை பார்த்த பையன் ஒருவனை யாரோ வார்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார்களாம், அவனுக்கு ஓட ஆளே இல்லையாம். பக்கத்துக் கட்டில்காரருக்காக ஓடிக்கொண்டிருந்த அப்பா, இதோ வந்துவிடுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவனுக்கும் சேர்த்து மருந்தோடு திரும்பி வந்தபோது அவன் உயிர் போய்க் கட்டில் காலியாக இருந்திருக்கிறது. இதை அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து பெரியவளான பிறகு. டீ வாங்கிக் கொடுத்த அன்றைக்கு, அப்பா தன் தங்கை பிழைத்த சந்தோஷத்தில் இருக்கிறார் என்று மட்டும்தான் நான் நினைத்தேன்.