பூக்கட்டிப் பார்த்த விஞ்ஞானம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் மனித குலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானித்தோம். பேப்பரில் வரவில்லை. அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் வாய்க்கு வந்தபடி சொல்ல, மருமகள் கமலா அதைச் சீவி முடித்துப் பொட்டு வைத்து எழுதிவிடுகிறாள். நல்ல வாக்கியம் வந்தால் பாராட்டு அவளுக்கு. வம்பு வந்தால் எனக்கு.

விஷயம் என் பேத்தி வசந்தாவைப் பற்றியது. பி.யூ.சி. முதல் வகுப்பில் பாஸ் செய்துவிட்டாள். மேலே பி.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கல்யாணம் செய்துவிட வேண்டும் என்று அவள் அப்பா — என் மகன் சண்முகம் — இரண்டு காலிலும் நின்றான். காலேஜில் சேரத் திங்கட்கிழமை கடைசி நாள். அப்பா கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

அவன் ஏன் போடவில்லை? மூன்று மாப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். மூவரும் விஞ்ஞானம்!

எங்கள் நாளில் மாப்பிள்ளைக்கு நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு என்று கேட்பார்கள். இப்போது பெங்களூரில் யார் கேட்கிறார்கள்? எந்த ஃபேக்டரி, எந்த டிபார்ட்மென்ட், குவார்ட்டர்ஸ் உண்டா... ஜாதகத்தில் கூடச் செவ்வாய் எங்கே என்று பார்ப்பதை விட்டுவிட்டு, செவ்வாய்க்கு ராக்கெட் எப்போது என்று பேசுகிறார்கள்.

சண்முகம் ஏரோப்ளேன் ஃபேக்டரியில் டிராயிங் போடுகிறவன். அவன் பிடித்து வைத்திருந்தது அங்கேயே ஒரு இன்ஜினியர் பையன். என் மருமகன் நடராஜன் காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார். அவர் கொண்டுவந்தது உர ஃபேக்டரிப் பையன். கமலாவின் அண்ணன் பம்பாயிலிருந்து சொல்லியனுப்பியது அணு சம்பந்தமான வேலையில் இருக்கும் பையன்.

இனி எந்தப் பையன் நல்லவன் என்றுதானே பேச வேண்டும்? அதுதான் இல்லை. எந்த விஞ்ஞானம் மனித குலத்தை மாற்றும் என்று பேசினார்கள். வியாழக்கிழமை காபிக்கு உட்கார்ந்தவர்கள், சாப்பாட்டு வேளை தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

"மாப்ளே, மனுஷன் பூமியவே சுத்திட்டு வந்துட்டான். இனிமே எல்லாம் ஆகாசத்துலதான்" என்றான் சண்முகம்.

"ஆகாசத்துல போயி என்னத்த சாப்பிடுவான் மச்சான்? ஜனத்தொகை ஏறிக்கிட்டே போவுது. உரம் இல்லாம ஒரு பிடி சோறு கெடையாது. கெமிஸ்ட்ரிதான்."

கமலா சாம்பார்க் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏரோப்ளேனும் உர ஃபேக்டரியும் ஓடறதுக்குக் கரன்ட் வேணாமாண்ணா? அதுக்கு அணுதான்."

"அணு கரன்டும் குடுக்கும், ஊரையும் கொளுத்தும்" என்றார் மருமகன்.

"எங்கண்ணன் பாத்த பையன் ஊரெல்லாம் கொளுத்த மாட்டான்!"

(இந்த இடத்தில் கமலா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பையன் தங்கமான பையன் என்று சொன்ன பிறகுதான் மறுபடி எடுத்தாள். தங்கமான பையன்.)

நானும் சும்மா இருக்கவில்லை. "எந்தப் பையனுக்காவது குழாய் ரிப்பேர் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டேன்.

சிரிக்காதீர்கள். நான் கல்யாணமாகி வந்தபோது கிணற்றில் இறைத்துக் குடத்தில் சுமந்துதான் இந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர். பிறகு ஒருநாள் வீட்டுக்குள் குழாய் வந்தது. திருகினேன். கொட்டியது. மூடினேன். நின்றது. மறுபடி திருகினேன்! "இன்னாடி வெளையாட்டு" என்று என் மாமியார் அதட்டிவிட்டு, நான் போனதும் அவரே திருகிப் பார்த்தார். என் இடுப்பை மாற்றிய விஞ்ஞானம் அது. ஆனால் குழாயைப் போட்டவனுக்குப் பெண் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை.

வசந்தா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று பேரும் மூச்சு வாங்கிய இடைவெளியில், "அப்பா, திங்கக்கெழமதான் கடைசி நாளு" என்றாள்.

"இரும்மா. பெரியவங்க முக்கியமான விஷயம் பேசிக்கிட்டிருக்கோம் இல்ல?"

ஆண்கள் மனித குலம் என்று ஆரம்பித்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். வீட்டில் எவளோ ஒருத்தியின் விஷயம் அவளைக் கேட்காமல் முடியப் போகிறது என்று அர்த்தம்.

வாதம் தீரவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னவர் யார் தெரியுமா? எங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார். ரீடிங் ரூமில் மூட நம்பிக்கையை ஒழிப்போம் என்று மைக் பிடித்துப் பேசியவர்.

"அத்தை, பேசாம பூக்கட்டிப் பாத்துடலாமா?" என்றார்.

ஏரோப்ளேனும் உடனே இறங்கி வந்தது. அணுவும் அடங்கியது. சாமி சொன்னால் சரி!

மறுநாள் காலை எல்லோரும் கோயிலில். பொட்டலம் கட்டுகிற வேலை எனக்கு. வெள்ளை நந்தியாவட்டை ஏரோப்ளேன். மஞ்சள் சாமந்தி உரம். சிவப்பு அரளி அணு. மூன்றையும் ஒரே மாதிரி வாழை இலையில் மடித்து, நாரால் கட்டி, குலுக்கித் தட்டில் வைத்தேன். பிள்ளையார் காலடியில் வைத்துக் குருக்கள் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். பிரித்தால் எந்தப் பூவோ, அந்த மாப்பிள்ளை.

"என்ன காரியமா கேக்கறேள்?" என்றார் குருக்கள்.

"மனித குலத்தோட எதிர்காலம் சாமி" என்றான் சண்முகம். அவனுக்கு அது வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அப்படியா? சித்த இருங்கோ. தீபாராதனை முடியட்டும்."

முடிந்தது. எடுத்தார். பிரித்தேன். வெள்ளை. சண்முகம் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இருங்க மச்சான்" என்றார் நடராஜன். "ஒரு தடவ பண்ணா அது எக்ஸ்பெரிமென்ட் இல்ல. மறுபடி பண்ணாலும் அதே வரணும். அதான் சயின்ஸ்."

மறுபடி கட்டினேன். மஞ்சள் வந்தது.

"பாத்தீங்களா!" என்றார் அவர்.

"இப்ப மட்டும் சயின்ஸ் போதுமா மாப்ளே?" என்று சண்முகம் சீறினான். "இன்னொரு தடவ கட்டும்மா!"

கட்டினேன். சிவப்பு. கமலா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமி நிதானமா யோசிச்சிட்டுத்தான் சொல்லியிருக்கு" என்றாள்.

பிறகு கோயிலில் எழுந்த சத்தத்தை நான் சொல்ல, கமலா எழுத மறுக்கிறாள். வரிசையில் நின்றவர்கள் கூடக் கட்சி பிரிந்துவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் யாருக்கு என்றே தெரியாது.

அப்போதுதான் வசந்தா பேசினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் தெளிவாகத்தான் வந்தது. கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது.

"மாமா, ஒரு சந்தேகம். லேப்ல ஒரே சோதனைய மூணு தடவ பண்ணி மூணு விதமா வந்தா என்னன்னு எழுதணும்?"

நடராஜன் வாத்தியார் ஆயிற்றே! யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. "முடிவு கெடைக்கல, சோதனை பண்ண வழியே சரியில்லன்னு எழுதணும்" என்றார்.

"அப்படி எழுதாம, நமக்குப் புடிச்ச ஒண்ண முடிவுன்னு எழுதிட்டா?"

"சைபர் போடுவேன்."

"அப்ப மூணு வீட்டுக்கும் முடிவு கெடைக்கலன்னு சொல்லிடுங்கப்பா" என்றாள் வசந்தா. "வேற வழியில சோதனை பண்ணிப் பாக்கலாம். பி.எஸ்ஸி. மூணு வருஷம்தான். அதுக்குள்ள எந்த விஞ்ஞானம் உலகத்த மாத்துதுன்னும் தெரிஞ்சிடும்."

சண்முகம் நடராஜனைப் பார்த்தான். நடராஜன் கூரையைப் பார்த்தார்.

குருக்கள் தட்டை எடுத்து வைத்தார். "குழந்த சொல்றது நியாயமாத்தான் படறது. பிள்ளையாருக்கும் போறும்னு தோணிடுத்து போல. நடை சாத்தணும், நகருங்கோ."

"கையெழுத்து போடறேன்" என்றான் சண்முகம், செருப்பைத் தேடிக்கொண்டே. "ஆனா ஏரோப்ளேன் பையன் வீட்ல மூணு வருஷம் காத்திருப்பாங்களான்னு கேட்டு வெப்பேன்."

"கேட்டு வையிடா. கேக்கறதுக்கு என்ன" என்றேன். வசந்தாவின் கை இன்னும் என் கையில்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு வந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அந்த யோசனை வந்தது. என்ன குரூப்?

"பாட்டனி" என்றாள் வசந்தா.

செடி, கொடி, இலை, வேர் பற்றிய படிப்பாம். ஏரோப்ளேன், உரம், அணு மூன்றும் நடுத்தெருவில் நின்றுவிட்டன. இரண்டு நாளாகச் சண்டை போட்டவர்கள் அன்றைக்குத்தான் ஒரே கட்சியானார்கள்.

"புல்லு பூண்டப் படிச்சு என்னடி ஆவப்போறே?" என்றாள் கமலா.

"அந்தப் படிப்புக்கு ஏத்த மாப்ளய எங்கன்னு தேடறது?" என்றான் சண்முகம்.

"லால்பாக் தோட்டத்துலதான் தேடணும் மச்சான்" என்றார் நடராஜன்.

திங்கட்கிழமை சேர்ந்துவிட்டாள். ஏரோப்ளேன் வீட்டார் காத்திருக்கவில்லை. வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். சண்முகம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் பேத்தி... அதாவது அவன் மகள், ஒரு செம்பருத்தியை பிளேடால் கீறி உள்ளே இருப்பதைக் காட்டியபோது, பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தவன் எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

எந்த விஞ்ஞானம் மனித குலத்தை மாற்றும் என்று இன்னும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு எதிர்காலம் மட்டும் இப்போது தினமும் காலையில் காக்ஸ் டவுன் பஸ்ஸில் போகிறது. நின்றுகொண்டேதான் போகிறதாம் — எழுந்து இடம் கொடுக்க எந்த விஞ்ஞானிக்கும் இன்னும் தோன்றவில்லை!