துப்பட்டி நிறைய மல்லிகை

போன வெள்ளிக்கிழமை மெஹருன்னிசாவின் தங்கை மகன் போன் செய்தான். “பெரியம்மா மௌத்தாயிட்டாங்க.” அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இறக்கி வைக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். இறந்துபோன மெஹரை அவள் என்றுதான் எழுதப்போகிறேன். அவர் என்று எழுதினால் எழுந்து வந்து என்னை ஒரு வழி பண்ணிவிடுவாள்.

திண்டுக்கல்லில் ஒரே கல்லூரியில் அவள் சமூகவியல் சொல்லிக்கொடுத்தாள், நான் தமிழ். அவளோடு பழகிய உங்களுக்குத் தெரியும்: தீவுகளைவிட்டுப் பெயர்கிற மக்கள் போன இடத்தில் என்ன ஆகிறார்கள் என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. இத்தனைக்கும் கடலையே பார்க்காதவள்! பஸ் ஜன்னலில் சிறுமலையைக் காட்டி, “நம்ம பொட்டக்காடு பூரா தண்ணின்னு நெனச்சுக்கடி. அந்தா, தீவு” என்பாள். பனி மூடிய காலைகளில் எனக்கும் அப்படித்தான் தெரியும். கண்டக்டர் விசில் அடித்து எங்களைத் தரையில் இறக்கிவிடுவார்.

எண்பதுகளின் நடுவில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட சில குடும்பங்கள் சேவுகம்பட்டிப் பக்கம் குடிசை போட்டிருந்தன. லீவு நாட்களில் மெஹர் அங்கே போவாள், துணைக்கு நான். ஏன் வந்தீர்கள் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. “அங்க கண்ணு முழிச்சதும் மொதல்ல என்ன தெரியும்?” என்றுதான் கேட்பாள். செல்லம்மாள் என்கிற பெண் சொன்னாள்: “மேகங்க. கதவத் தொறந்தா உள்ள வந்து குந்திக்கிரும். வெரட்டிட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கணும்.” மெஹர் எழுதுவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது.

செல்லம்மாளுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கூலி கிடைக்காத குடும்பங்களை மலைமேல் மரம் வெட்டக் கூட்டிப்போக ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் முன்பணக் கடனில் சிக்கி, திரும்பியதில்லை. அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. அப்போதுதான் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது.

முதல் நாள் விடிகாலையில் நாங்களும் போயிருந்தோம். இரண்டு கையாலும் மளமளவென்று பறித்தாள். பறித்ததைத் தோளுக்குப் பின்னால் வீசினாள். காலமெல்லாம் தேயிலைக் கொழுந்தை முதுகுக் கூடையில் போட்ட பழக்கம். இங்கே முதுகில் கூடை ஏது? மொட்டெல்லாம் மண்ணில்.

தோட்டக்காரர் ஓடிவந்தார். “ஏத்தா, அம்புட்டுப் பூவையும் மண்ணுக்கா படைக்கிற? செத்த நேரத்துல என் பொழப்பையே கவுத்துட்டியே! கெளம்பு, நாளைக்கு வராத.”

செல்லம்மாள் தன் கைகளையே பார்த்தாள். “நான் போடலைங்க. கை போடுது.”

மெஹர் பையை என்னிடம் தள்ளிவிட்டு, போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவினாள். துப்பட்டி இல்லாமல் வாசல் தாண்டாத பேகம்பூர்ப் பெண், அந்நிய ஆண்கள் முன்னால்! அவள் அதைச் செல்லம்மாளின் தலையிலிருந்து முதுகுப் பக்கம் தூளிபோலக் கட்டித் தொங்கவிட்டாள். “இப்ப வீசு, ஆத்தா.”

வெள்ளைத் துணிக்குள் வெள்ளை மொட்டுகள் சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தன. மற்றவர்கள் பாதி தூரம் வருவதற்குள் செல்லம்மாள் தன் வரிசையை முடித்துவிட்டாள். தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். “சரி, நாளைக்கும் இதக் கட்டிக்கிட்டே வா.”

நடந்ததை மெஹர் ஒளிக்காமல் ஆய்வேட்டில் எழுதினாள். அவளுடைய நெறியாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க பார்க்கப் போனீங்களா, மாத்தப் போனீங்களா? அந்தக் குடும்பத்தையே எடுத்துடுங்க. இல்லேன்னா பட்டம் கிடைக்காது.” அவள் ஆராய்ச்சிக்கு உயிரே அந்த வீடுதான். மேகம் உள்ளே வந்து உட்கார்ந்த கதையும் சேர்ந்து போய்விடும். நான் கொதித்தேன். அவளோ சிரித்தாள்.

“எடுத்துடுறேன் சார். ஏட்டுல இல்லாட்டி என்ன, ஊர்ல இருக்காங்கல்ல?”

செல்லம்மாள் மலைக்குப் போகவில்லை. இரண்டு பெண்களையும் இங்கேயே கட்டிக்கொடுத்தாள். மெஹரின் ஆய்வேட்டைப் புரட்டுகிற யாருக்கும் செல்லம்மாளைத் தெரியப்போவதில்லை. அழுகையாக வருகிறது, அழுதுகொண்டேதான் எழுதுகிறேன். மெஹரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவள் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டு ஊரில் இருக்கவைத்த அந்த ஒரு வீட்டைத்தான்.