மாப்பிள்ளை கொடுத்த ஸ்கோப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். சரிதான். இதை எழுத உட்காரும்போதும் அது அங்கேதான் இருக்கிறது. எங்கள் அண்ணனுக்கு அதில் கால்பங்குகூடக் கிடையாது. அவன் பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டேன் போலிருக்கிறது.

களக்காட்டுக்கு மேற்கே, காடு முடிந்து விளை தொடங்கும் இடத்தில் எங்கள் ஏத்தன் வாழைத் தோட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு விடிகாலை அண்ணன் தண்ணீர் பாய்ச்சப் போனபோது, வாய்க்கால் ஓரம் வாழைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி திரும்பி அவன்மேல் பாய்ந்தது. நான் பின்னால் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தேன். பன்றி முட்டும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது முட்டுவதில்லை, கிழிக்கிறது. தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்து மேல்நோக்கி ஒரு வெட்டு. விலகிப் போய், திரும்பி வந்து, இன்னொன்று. அண்ணனின் வலது தொடை வாழைமட்டையை வகிர்ந்ததுபோல் நெடுக்காகப் பிளந்தது. மண்வெட்டியால் அதன் முதுகில் ஓங்கிப் போட்டேன். காம்புதான் முறிந்தது. பன்றி தன் வேலையை முடித்துக்கொண்டு நிதானமாகத்தான் போனது. என் வேட்டியை அவிழ்த்து அவன் தொடையை இறுக்கிக் கட்டி, வாழைக்காய் ஏற்ற வந்திருந்த லாரியிலேயே திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். உயிர் தங்கியது. ஆனால் அதன் பிறகு அந்த முட்டி மடங்கவில்லை. காலை ஒரு கட்டையைப்போல் இழுத்துக்கொண்டுதான் நடந்தான்.

அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் கொடுத்தார்கள். வெடிச்சத்தம் கேட்டுப் பன்றி பயந்து ஓடிவிட வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். பன்றிக்குச் சட்டம் தெரியாது, எங்களுக்கும் மறந்துபோயிருந்தது. மற்றவர்கள் சிறுசிறு ரவைகளாகச் சிதறும் சில்லுத் தோட்டா போடும் துப்பாக்கிதான் வாங்கினார்கள். அண்ணன் ரைபிள் கேட்டான். சில்லுத் துப்பாக்கிக்குக் கிட்டே போக வேண்டும், குறி தவறினால் ஓட வேண்டும். தன்னால் ஓட முடியாது, முதல் குண்டிலேயே அது விழ வேண்டும் என்றான். அவனுக்கு அப்போது வெள்ளெழுத்து வேறு. அந்தி வெளிச்சத்தில் குழல் நுனியிலிருக்கும் குறிமுள் அவனுக்குத் தெரியவே இல்லை. ஆகவே ரைபிளின் மேல், தூரத்தைக் கிட்டே காட்டிக் குறிபார்க்க உதவும் ஒரு ஸ்கோப்பு மாட்டியாக வேண்டும் என்று ஆயிற்று.

திருநெல்வேலியில் துப்பாக்கிக் கடைக்கு நானும் அவனுமாகப் போனோம். கடைக்கார அண்ணாச்சியிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த யாரோ விட்டுவிட்டுப் போனது. கறுப்பெல்லாம் தேய்ந்து, பித்தளை எட்டிப்பார்த்தது. நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. அண்ணன் அதை ரைபிளில் மாட்டச் சொல்லி, ரைபிளை இரண்டு மணல்மூட்டைகளுக்கு நடுவே அசையாமல் வைத்து, எதிர்ச்சுவரில் இருந்த ஓர் ஆணியின் மேல், கண்ணாடிக்குள் தெரியும் கூட்டல் குறியைப் பொருத்தினான். பிறகு ஒரு மரச்சுத்தியலை வாங்கி, ரைபிளின் பின்கட்டையில் ஓங்கி அடித்தான். கடைக்காரர் பதறிவிட்டார். அண்ணன் குனிந்து பார்த்தான். திரும்ப அடித்தான், திரும்பப் பார்த்தான்.

"ஆணியிலேயே நிக்கு," என்றான். "பெருசாக் காட்டுததுல ஒண்ணுமில்லலே. அடிவாங்கிட்டும் எடம் மாறாம இருக்கணும். அதான் வேணும்."

வாழைத்தார் இறக்கியதும் வந்து எடுத்துக்கொள்கிறோம், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். பஸ்ஸில் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான். கால் போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் மாப்பிள்ளை வந்தார்.

எங்கள் ஒரே தங்கையை ராதாபுரம் பக்கம் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. கல்யாணமாகிச் சில வருடமாகியும் பிள்ளை இல்லை. அவருடைய அம்மா வேறொரு பெண்ணைப் பார்த்துவைத்திருக்கிறாள் என்ற பேச்சு எங்கள் காது வரைக்கும் வந்திருந்தது. மாப்பிள்ளை சரி என்றால் நாளைக்கே தங்கை பெட்டியோடு எங்கள் வாசலில் நிற்பாள். அவரோ சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் அவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வேலை. அவர் இருமினால் அண்ணன் தண்ணீரோடு போய் நிற்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் ரைபிள் வாங்கியிருக்கிறான், ஸ்கோப்பு தேடுகிறான் என்று தங்கை அவருக்கு எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளை அங்கிருந்தே ஒரு ஸ்கோப்பு வாங்கி வந்துவிட்டார். முழங்கை நீளத்துக்குப் பளபளவென்று இருந்தது. முன்கண்ணாடி காப்பிக் கோப்பை அளவு. ஒரு வளையத்தைத் திருகினால் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை பெரிதாகிக்கொண்டே போகும். உள்ளே சிவப்பு விளக்கு வேறு எரியும். அட்டைப்பெட்டியின் மேல் முயல் படம் போட்டிருந்தது. காற்றுத் துப்பாக்கியால் முயல் சுடுகிறவர்களுக்காகச் செய்தது என்று அந்தப் படமே சொன்னது. எங்கள் ரைபிளின் உதை தோளில் ரத்தம் கட்டவைக்கிற உதை.

அதையும் மூட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்க்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். மாப்பிள்ளை கொண்டுவந்த சாமானை அவர் கண்ணெதிரே சோதித்துப் பார்க்கிற வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. வேட்டி கொண்டுவந்தால் அன்றைக்கே உடுத்த வேண்டும். கைக்கடிகாரம் கொண்டுவந்தால், ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். அண்ணன் ஸ்கோப்பை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மறுநாளே பட்டறையில் கொடுத்து ரைபிளின் மேல் மாட்டியும் ஆயிற்று.

வரப்பில் ஒரு தேங்காய் மட்டையை வைத்து, மாப்பிள்ளை முன்னால் சுட்டுக் காட்டினான். திருகுகளைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி, இரண்டு மூன்று தோட்டாவில் மட்டையில் பட்டுவிட்டது. மாப்பிள்ளை கைதட்டினார். தோட்டா வருடத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பார்கள், தேங்காய் மட்டைக்கு அதற்கு மேல் செலவழிக்க மனசு வராது. அத்தோடு குறி சரியாகிவிட்டது என்று பெயர்.

மாப்பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் அண்ணன் பம்ப்செட் ரூமுக்குள் என்னைக் கூப்பிட்டான். ரைபிளை உரமூட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தான். கையில் தென்னைமட்டைக் கட்டை. சுவரில் ஆணி. ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னான். கூட்டல் குறி ஆணியை விட்டு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. இன்னொரு அடி அடித்தான். இப்போது வேறு பக்கம், கீழே.

"நிக்க மாட்டேங்கு," என்றான்.

நான் அந்த ஸ்கோப்பைப் பிடுங்கிக் கிணற்றில் எறியப் போனேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இரும்புப்பிடி அது. வெறி வந்து சுவரில் குத்தினேன். விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு பன்றியை எதிர்க்கப் போகிறாயா, ஒரு காலைக் கொடுத்தது போதாதா என்று கத்தினேன். அவன் நான் அடங்கும் வரைக்கும் பொறுத்தான்.

"தங்கச்சிக்கு ஏற்கனவே ஆயிரம் இருக்குலே. இந்தக் கொழாயால இன்னொண்ணு சேர வேண்டாம். மாப்ளை பிளேன் ஏறட்டும். மறுநாளே கழத்திட்டு, கடைக்காரர்கிட்ட இருக்கதப் போடுவோம்."

அவன் கணக்கு அதுதான். மாப்பிள்ளை போகும் வரைக்கும் ஏதாவது சாக்குச் சொல்லித் தோட்டத்துப் பக்கம் போகாமல் ஓட்டிவிடலாம். மாப்பிள்ளையா விடுவார்? தன் கண்ணாடியில் ஒரு பன்றி விழுவதைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று நின்றார். ஒருநாள் அண்ணனுக்குத் தலைவலி, ஒருநாள் மழை மூட்டம். மூன்றாவது சாக்குக்கு அவர் முகம் மாறியது. ஏன், நான் கொண்டாந்தது பிடிக்கலையோ மச்சான் என்று கேட்டார். அடுக்களை வாசலில் நின்ற தங்கை அண்ணனையே பார்த்தாள். அன்று அந்தியில் கிளம்பினோம்.

அண்ணனால் உயரத்தில் எங்கும் ஏற முடியாது, ஆகவே வாய்க்கால் வரப்புக்குப் பின்னால் வெட்டிப்போட்ட வாழைத்தண்டுகளைக் குவித்து அதன் மறைவில் உட்கார்ந்தான். நான் அரிவாளோடு பக்கத்தில். மாப்பிள்ளை பம்ப்செட் ரூமின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டார். அவர் ஏறுவதற்கு நான்தான் தோள் கொடுத்தேன். ஏறுவதற்கு முன், நன்றாகப் பெரிதாகத் தெரியட்டும் என்று ஸ்கோப்பின் வளையத்தை ஒன்பதுக்குத் திருகிவைத்தார். அண்ணன் அவர் முன்னால் அதைத் திருப்பவில்லை.

வெளிச்சம் மங்கும்போது பன்றி வந்தது. ஒற்றை. கோரைப்பல் இரண்டும் வெள்ளையாகத் தெரிந்தன. பக்கவாட்டில் திரும்பி, மூக்கால் மண்ணைக் கிளறி, வாழைக்கன்று ஒன்றைச் சாய்த்தது. முன்காலின் சப்பைக்குப் பின்னால் குண்டு பட்டிருந்தால் அந்த இடத்திலேயே விழுந்திருக்கும். அண்ணன் அங்கேதான் குறிவைத்தான், இதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. குண்டு போய்ப் பட்டது அதன் பின்தொடையில். தொடை எலும்பு நொறுங்கும் சத்தம் வெடிச்சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. பன்றி உட்கார்ந்து, மனுஷக்குரலில் அலறி, மூன்று காலில் எழுந்து புகைவந்த பக்கம் திரும்பியது.

அண்ணன் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டான். ஆனால் ஒன்பது மடங்கில், அவ்வளவு கிட்டத்தில், கண்ணாடிக்குள் மயிரைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. கண்ணை எடுத்து, கைப்போக்கில் சுட்டான். மண் தெறித்தது. கூரையிலிருந்து மாப்பிள்ளை, "சுடுங்க மச்சான், சுடுங்க," என்று கத்திக்கொண்டிருந்தார். வேறு எவனாக இருந்தாலும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். அண்ணன் மடங்காத காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான், பாதிகூட எழும்பவில்லை.

பன்றி தண்டுக்குவியலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து அவனுடைய நல்ல காலில் இறங்கியது. முட்டிக்குக் கீழே பிடித்துக் கிழித்து, தலையை உதறி, திரும்பக் கிழித்தது. நான் வெட்ட ஆரம்பித்தேன். முதல் வெட்டு பிடரி மயிரில் வழுக்கியது. அடுத்தது காதைக் கொண்டுபோனது. அதன்பின் எங்கே வெட்டினேன் என்று எனக்குத் தெரியாது. கழுத்து, முதுகு, மூக்கு, கண் எல்லாவற்றிலும் வெட்டினேன். ரத்தம் வாயில் உப்புக்கரித்தது. அது விழுந்த பிறகும் வெட்டினேன். அரிவாள் முதுகெலும்பில் மாட்டிக்கொண்டு வரவில்லை, அப்போதுதான் நிறுத்தினேன். அண்ணனின் கால் தோலிலும் இரண்டு நரம்பிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கத்தவே இல்லை. என் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதருகே பேசினான்.

"கை ஆடிட்டுன்னு சொல்லு. ஸ்கோப்பப் பத்தி ஒரு வார்த்தை பேசாத. தங்கச்சி மேல ஆணை."

ஆஸ்பத்திரியில் காலை முட்டிக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு கால் இல்லை, இன்னொன்று மடங்காது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டாத விவசாயிக்கு மிஞ்சியது அதுதான். நான் ராத்திரியும் பகலும் அவன் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். மாப்பிள்ளையை வெட்ட வேண்டும் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. சும்மா சொல்கிற பேச்சில்லை அது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்றுகூட யோசித்துவைத்திருந்தேன்.

விமானம் ஏறுவதற்கு முன் மாப்பிள்ளை தங்கையோடு பார்க்க வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சு. கட்டிலின் கால்மாட்டில், கால் இல்லாத பக்கம் இடம் காலியாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்கிற மாதிரி நடந்ததையெல்லாம் விவரித்தார். கண்ணாடி அப்படித் துல்லியமாம், பன்றியின் இமைமயிர்கூடத் தெரியுமாம்.

"கை ஆடிட்டு மச்சான். நான்தான் மேல இருந்து பாத்தேன்லா," என்றார்.

நான் எழுந்தேன். அண்ணன் என்னைப் பார்க்காமலே கையை நீட்டி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். தங்கை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் நின்றுவிட்டன.

"ஆமா மாப்ளை. என் கைதான் ஆடிட்டு," என்றான் அண்ணன்.

மாப்பிள்ளைக்கு மனசு நிறைந்துவிட்டது. அவருடைய முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இல்லாத காலுக்குப் பக்கத்தில் மெத்தையைத் தட்டிக்கொடுத்தார். கவலைப்படாதீர்கள், அடுத்த லீவுக்கு இதைவிடப் பெரிதாக ஒன்று கொண்டுவருகிறேன் என்றார்.

"கொண்டாங்க மாப்ளை," என்றான் அண்ணன். "வரும்போது தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க."