பூஜையில் வைத்த சீஸ் கத்தி

ஸ்ரீநாத் உருப்படியாக ஒரு வெங்காயம் நறுக்கியவனில்லை. ஆனால் கத்தியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவான். கம்பெனி வேலையாக மூன்று மாதம் யோகோஹாமாவில் இருந்துவிட்டு வந்தபோது, கெட்டிச் சீஸுக்கென்றே ஒரு கத்தி வாங்கி வந்திருந்தான். குட்டையான அலகு, கூரிய முனை, மரக் கைப்பிடி. வேலப்பன்சாவடி ஃபிளாட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் உட்பட, பெட்டியைத் திறந்து காட்டுவான். கெட்டிச் சீஸை அறுக்கக் கூடாதாம், குத்திப் பிளக்க வேண்டுமாம். பிளப்பதற்கு வாங்கிய ஒரே துண்டு, கொடுத்த விலையை நினைத்துப் பிளக்க மனசு வராமல், ஃப்ரீசரில் கருங்கல்லாகிக் கிடந்தது.

பார்த்தவர்களின் கைரேகையைத் துடைத்து, கைப்பிடிக்கு எண்ணெய் தடவுவது மனைவி எழிலரசியின் வேலை. கட்டிக்கொண்ட பாவத்துக்கு அதையும் செய்தாள். அவள் ஜாக்கெட் தைப்பதை மட்டும் அவன் டைம்பாஸ் என்பான்.

ஆயுத பூஜையன்று காலையில் சாமி படத்துக்கு நேர் எதிரே, நடு நாயகமாகக் கத்தியை வைத்தான். பக்கத்தில் லேப்டாப். அவளுடைய சின்ன மோட்டார் தையல் மிஷினுக்கு ஓரத்தில் இடம் கிடைத்தது. கற்பூரம் காட்டியதும் முதல் வேலையாக ஆபீஸ் குரூப்பில் படம் போட்டான்.

மத்தியானம் பூந்தமல்லியிலிருந்து சைனம்பு ஜாக்கெட்டும் கையுமாக வந்து நின்றாள். விடிந்தால் அவள் மகள் ரூஹிக்கு நிக்காஹ். எழிலரசி தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில் கை நுழையவில்லை. அளவெல்லாம் சரிதான். லைனிங் துணியை நனைக்காமல் தைத்துவிட்டாள். ஒரு தடவை அலசியதும் அது சுருங்கிவிட்டது.

"பொண்ணு அழுதுகினு கீறா எழிலு. ஏழு மணிக்கு வர்றேன், எப்டியாச்சும் முடிச்சு வைம்மா."

எழிலரசிக்கு வந்த முதல் கல்யாண ஜாக்கெட் அது. மணப்பெண்ணைக் கண்கலங்க வைத்தவளிடம் சைனம்புவின் தெருவில் அப்புறம் யார் துணி கொடுப்பார்கள்? கையால் ஒட்டுப் போட்டால் தாங்காது. மிஷின் கிடைத்தால் ஒரு மணி நேர வேலை. ஸ்ரீநாத்திடம் கேட்டாள்.

"பூஜையில வெச்சத விடியற வரைக்கும் தொடக்கூடாது. நமக்குன்னு ஒரு சம்பிரதாயம் இருக்குல்ல?"

போன வருஷம் இதே நாளில் பிரியாணி வரவழைத்துத் தின்றவன் சொல்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மிஷின் மேலிருந்த குங்குமத்தைப் பார்த்ததும் அவளுக்கே கை வரவில்லை. ஏதாவது கெட்டது நடந்தால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவான். தையலைப் பிரித்துவிட்டு, ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மணிக்கு அவனுடைய மேனேஜர் நிர்மல் போன் செய்தார். காஞ்சிபுரத்திலிருந்து திரும்பி வருகிறாராம், வழிதானே, எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாராம். அடுத்த ஜப்பான் பயணத்துக்கு ஆள் பொறுக்குவது அவர்தான். ஸ்ரீநாத் சட்டையை இரண்டு தரம் மாற்றினான்.

நிர்மல் வந்து உட்கார்ந்து சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே, படத்தில் பார்த்த கத்தி எங்கே என்று விசாரித்தார். அவ்வளவுதான். ஸ்ரீநாத் ஃப்ரீசரைத் திறந்து சீஸை எடுத்தான். நேரே பூஜை இடத்துக்குப் போனான். கத்தியின் மேலிருந்த பூவைத் தள்ளிவிட்டு, குங்குமத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். எழிலரசி பார்க்கிறாள் என்று தெரிந்தும் அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சீ, இவ்வளவுதானா இவன் என்றிருந்தது அவளுக்கு. இந்த ஆளின் பேச்சுக்கா மத்தியானம் முழுக்கப் பயந்து உட்கார்ந்திருந்தோம் என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது.

எழுந்து போய் மிஷினைத் தூக்கி வந்தாள். ஹாலில், மேனேஜருக்கு எதிரிலேயே வைத்து, பிளக்கைச் செருகினாள்.

"என்ன பண்ற நீ?" என்றான் ஸ்ரீநாத், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கத்திக்கு விடிஞ்சிடுச்சுல்லங்க. மிஷினுக்கும் விடிஞ்சிடுச்சு."

மிஷின் ஓடத் தொடங்கியது. பிளப்பது எப்படி என்று அவன் விளக்க ஆரம்பித்தது யார் காதிலும் விழவில்லை. உறைந்த சீஸில் குத்திய கத்தி இரண்டு தரம் வழுக்கியது. நிர்மல் சுண்டலை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஏழு மணிக்குச் சைனம்பு வந்து ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனாள். எழிலரசி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். ஸ்ரீநாத் கத்தியைக் கழுவித் துடைத்து, புதிதாகக் குங்குமம் வைத்து, பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தான்.