ஏகமனதாக நிறைவேறிய கட்டுரை

அரசு அலுவலகங்களும் தொண்டு அமைப்புகளும் எப்படி நிர்வாகம் செய்கின்றன என்று ஆராயும் கட்டுரைகளை மட்டுமே வெளியிடும் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு, எங்கள் ஊர் ஏரிச் சங்கத்தைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தேன். நான் வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பொது நிர்வாகப் பாடம் நடத்துகிறவள். நாற்பது வயதுக்கு மேல் ஆசை வந்து, பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒரு கட்டுரையாவது தரமான இதழில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பதிவுக் காலம் முடிய ஏழு மாதம்தான் இருந்தது. இந்த இதழ் கைவிட்டால் வேறு இதழுக்கு அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. ஆறு வருஷ உழைப்பு அதோடு போயிற்று.

எங்கள் ஊர் பாகூர் தாண்டி, சோரியாங்குப்பம் போகிற வழியில் இருக்கிறது. பெயர் வேண்டாம், கட்டுரையிலும் போடவில்லை. மதகை என்று திறப்பது, வாய்க்காலை எந்தத் தெருக்காரர்கள் தூர் வாருவது, கடைமடைக்கு எத்தனை நாள் தண்ணீர் விடுவது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. பதினோரு வருஷ மினிட்ஸ் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அட்டவணை போட்டு, ஆராய்ந்திருந்தேன். ஒவ்வொரு தீர்மானத்தின் அடியிலும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று இருக்கும். கீழே எல்லா உறுப்பினர்களின் கையெழுத்தும் இருக்கும். எல்லாரும் கூடி, பேசி, ஒத்துப்போகும் அதிசயச் சங்கம் என்று பெருமை பொங்க எழுதிவிட்டேன். என் ஊர் அல்லவா.

மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். யார் என்று நமக்குத் தெரியாது, நாம் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. முதல் ஆள் நல்ல மாதிரி. அட்டவணையைத் திருத்தச் சொன்னதோடு விட்டுவிட்டார். இரண்டாம் ஆள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லையா, சொன்னார்கள் என்றால் எங்கே வைத்துச் சொன்னார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் கட்டுரை நிற்காது என்று முடித்திருந்தார். பதில் சொல்ல அறுபது நாள் அவகாசம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏரி என்றால் என்னவென்று தெரியாத ஆசாமி, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு என் ஊரைச் சந்தேகப்படுகிறான் என்று இரண்டு நாள் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். மூன்றாம் நாள், நோட்டை எழுதுகிற எழுத்தரிடம் போனேன். என்னைவிடச் சின்னவள், எட்டு வருஷமாக அந்த வேலையில் இருக்கிறாள். கேள்வியைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"மீட்டிங்குக்கு யாருக்கா வராங்க? பத்துப் பேர் வந்தாலே பெருசு. மத்த கையெழுத்தெல்லாம் வூடு வூடா போயி வாங்கறதுதான்."

இதில் வேடிக்கை என்னவென்றால், இது எனக்குத் தெரியாததல்ல. அவள் என் வீட்டு வாசலிலும்தான் மொபெட்டை நிறுத்துவாள். உறுப்பினரான என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும்வரை அவளுக்கு மோர் கொடுத்து அனுப்புகிறவளே நான்தான். தினம் பார்க்கிற விஷயம் என்பதால் அது ஆய்வுக்கு உரியதாகவே தோன்றவில்லை. நோட்டில் இருப்பதுதான் ஆதாரம் என்று பாடம் நடத்தி நடத்தி, என் கண்ணே அப்படிப் பழகிவிட்டது.

மறுநாளிலிருந்து எட்டு நாள் காலையில் அவள் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். செவ்வாய்க்கிழமை மதகு திறப்பது என்ற தீர்மானம் அப்போது கையெழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் தெருவில் ஒரு வீட்டில் அவர் குளிக்கிறார் என்றார்கள். நாலு வீடு தள்ளி இன்னொருவரும் குளிக்கிறார். அடுத்த தெருவில் ஒருவர் காய்ந்த துண்டும் காய்ந்த தலையுமாக மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள் வாசலுக்கு வந்து, அப்பா குளிக்கிறார் என்றாள். எழுத்தர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சரி என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.

ஊரே ஒரே நேரத்தில் குளிக்கிறதா என்று கேட்டேன். தீர்மானம் பிடிக்கவில்லை என்றால் குளிக்கிறார்கள் என்றாள். மூவரும் கடைமடைக்காரர்கள். செவ்வாய்க்கிழமை திறந்தால் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர வெள்ளி ஆகிவிடும். அவள் தலைவரிடம் போய்ச் சொன்னாள். செவ்வாய், அதற்கு முந்தின ஞாயிறாக மாறியது. தீர்மானத்தைப் பென்சிலில்தான் எழுதிக்கொண்டு போகிறாள். மாற்றம் வந்தால், முன்பு கையெழுத்துப் போட்டவர்களிடமும் மறுபடி காட்டுகிறாள். கடைசி ஆளும் போட்ட பிறகே பேனாவால் மேலெழுதுகிறாள். நான் எடுத்த படங்களில் அழித்த தடங்கள் நிறைய இருந்தன. எழுத்துப் பிழை என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன்.

கட்டுரையைப் புதிதாகவே எழுதினேன். இந்தத் தடவை அது நல்ல கட்டுரை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது சட்டப்படி சரியான நடைமுறை அல்ல. அதை வெளியே சொல்லச் சங்கம் சம்மதிக்க வேண்டும். அதற்கும் ஒரு தீர்மானம் போட்டுவிடலாம் என்றார் தலைவர். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், என்ன எழுதியிருக்கிறேன் என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன். பின்னாலேயே நோட்டும் போனது. ஒருவரும் குளிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கெடு. புதன்கிழமை காலையில் கடைசிக் கையெழுத்துக்காக மொபெட் எங்கள் வாசலில் வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நோட்டைப் பார்த்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போனார். போகும்போது தணிந்த குரலில், "குளிக்கிறேன்னு சொல்லு" என்றார்.

என் சொந்தத் தீர்மானத்துக்கு, என் சொந்த வாசலில் நின்றுகொண்டு, அவர் குளிக்கிறார் என்று நான் சொன்னேன். எழுத்தர் சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். மோர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கத்தத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஊர்ல எல்லார் வூட்டுக்கும் போயி இன்னா எழுதியிருக்கன்னு சொன்ன. இந்த வூட்ல ஒரு வாட்டி சொன்னியா?"

ஆறு வருஷமாகக் காலையில் பாகூரில் பஸ் ஏற்றிவிட்டவர் அவர். நான் எழுத உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு வடித்தவர். இரண்டு காணி நெல் வைத்திருக்கிற மனிதருக்கு ஆங்கிலக் கட்டுரை எதற்கு என்று நானாகவே முடிவு செய்துவிட்டிருந்தேன். அவமானமாக இருந்தது, அவர்மேல் வந்த கோபம் அப்படியே என் பக்கம் திரும்பியது.

அன்று கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மத்தியானம் வரை ஆனது. மேற்கோள்களைக்கூட விடவில்லை. குளிக்கிறேன் என்பது இங்கே ஒரு விதமான மறுப்பு என்று நான் எழுதியிருந்த இடத்தில் கை காட்டி நிறுத்தினார்.

"மறுப்புன்னு போடாத. வேணாங்கிறவன் கதவச் சாத்திடுவான்டி. குளிக்கிறேன்னு சொன்னா, இன்னொரு வாட்டி வந்து கேளுன்னு சொல்றான்."

வாதாடிப் பார்த்தேன், பொது நிர்வாகத்தில் எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் போட்டு. பிறகு என்னுடைய குறிப்புகளையே புரட்டினேன். குளிக்கிறார் என்று சொன்ன வீடுகளில் எழுத்தர் மறுபடி போகாத வீடு ஒன்றுகூட இல்லை. மறுபடி போன பிறகு கையெழுத்துப் போடாத வீடும் இல்லை. அவர் சொன்னதுதான் சரி. வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து, மறுப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு முடிவுரையை மாற்றி எழுதினேன். அன்று சாயங்காலம் நோட்டு மறுபடி வந்தது, கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை கட்டுரையை இணையத்தில் ஏற்றும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். திரையில் கட்டம் கட்டமாகக் கேள்விகள். தரவு உங்களுடையதா, சம்மதம் வாங்கினீர்களா, வேறு இதழுக்கு அனுப்பியிருக்கிறீர்களா. ஒவ்வொன்றையும் அவருக்குச் சொல்லிக்கொண்டே அழுத்தினேன். ஒரு கேள்வியில் என் கை நின்றது. அது என்ன கேட்கிறது என்றார். கூட எழுதியவர் யாராவது உண்டா என்று கேட்கிறது என்றேன்.

"இல்லன்னு போடு," என்றார்.

போட்டேன். அந்த விண்ணப்பம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.