கொழும்புக்குப் போகாத வெங்காயம்

கொழும்பு அக்காவின் குரல் என் காதில் முதலில் விழுந்தது ஒரு புகாராகத்தான். பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ஷெட்டிலிருந்து சின்ன வெங்காயம் தூத்துக்குடிக்குப் போய், அங்கே கப்பலேறி இலங்கைக்குப் போகும். கொழும்பில் அதை இறக்கி விற்கும் மொத்தக் கடை அவருடையது. முதலாளி வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் ஆபீஸ் போன் விடாமல் அடித்தது. வெங்காயத்தின் காய்ந்த தாளை நறுக்கிக்கொண்டிருந்த நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் எடுத்தேன்.

“என்ன பிள்ளை இது, மூக்குத்தி அளவில அனுப்பியிருக்கிறீங்கள்? இதை உரிச்சு முடிக்க ஒரு நாள் காணாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. “அடுத்த லோடு நானே நின்னு பாத்து அனுப்பறேங்க்கா” என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி ஒவ்வொரு வலைப்பையையும் கொட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன். அதன் பிறகு முதலாளியே போனை எடுத்தாலும், “அந்தப் பிள்ளையிட்டக் குடுங்கோ” என்பார். பிளஸ் டூ படித்துவிட்டு நாள் கூலிக்கு வந்துகொண்டிருந்த நான், தரம் பிரிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி ஆனது அந்த ஒரு போனால்தான்.

நாங்கள் இருவரும் நேரில் பார்த்ததில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் கொழும்புக்கு வந்தவர். புருஷன் இல்லை. கடையைத் தனியாக நடத்தினார். லோடு போய்ச் சேர்ந்ததும் உள்ளங்கையில் நாலு வெங்காயத்தை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புவார். நன்றாக இருந்தால் ஒன்றும் எழுத மாட்டார். சரியில்லை என்றால் ஒரு கேள்விக்குறி மட்டும் வரும்.

பிறகு அந்த நாட்டுக்குக் கெட்ட காலம் வந்தது. வெளிநாட்டுச் சாமான் வாங்க டாலர் இல்லை என்றார்கள். ஆர்டர் பாதியாகி, அப்புறம் நின்றே போனது. அக்கா மட்டும் எப்போதாவது பேசுவார். “காலமையில இருந்து கேஸ் லைன்ல நிக்கிறன், பிள்ளை. எனக்கு முன்னால நிண்ட ஐயா மயங்கி விழுந்திட்டார். தூக்கி நிழல்ல இருத்தினம். அவரின்ரை சிலிண்டரை ஒருத்தரும் தள்ளி வைக்கேல்லை, அப்பிடியே லைன்ல நிக்குது.” இதைச் சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுவதுபோல, எங்கள் ஊரில் மழை எப்படி என்று கேட்டார். இன்னொரு நாள், தமிழ்நாட்டிலிருந்து உதவியாக அரிசி மூட்டை வந்து இறங்கியிருப்பதைப் பார்த்தேன் என்றார். “நட்பு நாடு எண்டு டிவியில சொல்லுகினம். எனக்கு உன்ரை முகம்தான் நினைவுக்கு வந்தது. நான் பார்க்காத முகம்.”

எங்கள் ஷெட்டிலும் அப்போது பாதிப் பெண்களுக்கு வேலை இல்லை.

அந்தக் காலம் ஒருவழியாகக் கடந்தது. அக்கா மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் தெம்பு இருந்தது. மாதம் தவறாமல் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வெங்காயம் வேண்டும். ஊர் ஊராகப் பொறுக்கிச் சேர்த்தது வேண்டாம். தெரிந்த விவசாயிகளிடமிருந்து எடுத்துக் கொடுத்தால் வேறு எங்கேயும் போக மாட்டேன் என்றார். முதலாளி என்னைப் பார்த்து, “நல்லா பண்ற ஆளுவ நாலஞ்சு பேர நீயே பாத்துச் சொல்லு” என்றார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது என் தம்பி.

எங்கள் பிறந்த ஊர் ஆண்டிமடம் பக்கம். முந்திரித் தோப்புக்கு நடுவே வீடு. எங்களுக்கென்று நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் தோப்பில் கொட்டை பொறுக்கித்தான் அப்பா அம்மா எங்களை வளர்த்தார்கள். தம்பி ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றில் காண்டிராக்டில் மூட்டை ஏற்றினான். நல்ல உழைப்பாளி. என்னிடம் சின்ன வயதிலிருந்தே எதிர்த்துப் பேச மாட்டான். அவனுக்கென்று ஒரு நிலம் இருக்க வேண்டும் என்பது அவனைவிட எனக்குத்தான் பெரிய ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினேன்.

“எவ்ளோ நாளைக்குடா இந்தத் தூசியிலயே கெடப்ப? எங்க பெரம்பலூர் பக்கம் குத்தகைக்கு ரெண்டு ஏக்கரா வருது. கெணத்துல தண்ணி இருக்கு. வெங்காயம் போடு. வெளைஞ்சா அப்படியே எங்க ஷெட்டு எடுத்துக்கும்.”

“வெங்காயம் ஏமாத்திப்புடும்னு சொல்றாங்களேக்கா.”

“அது லோக்கல் மார்க்கெட்டுக்குப் போடறவங்களுக்கு. இது கொழும்புக்குப் போறது. அந்தக்கா சொன்னா சொன்னதுதான்.”

அவன் மனைவி அடுப்படியில் இருந்தபடியே, “மாசமானா சம்பளம் கைக்கு வர்ற வேல இதுங்க அண்ணி” என்றாள். அது காதில் விழாததுபோல நான் தம்பி பக்கம் திரும்பினேன். அவன், “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

ஆடி முடிந்ததும் குடும்பத்தோடு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். புரட்டாசியில் விதை வெங்காயம் ஊன்றினான். நான் ஷெட்டு முடிந்து திரும்பும்போது வயலைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அவன் மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. குனிந்து களையெடுப்பது முதலில் பழகவில்லை. ஒரு மாதத்தில் முகமே மாறிவிட்டது. வெயிலில் கறுத்தான், ஆனால் தெளிந்தான். சிமெண்ட் தூசியில் வந்த இருமல் நின்றிருந்தது. கார்த்திகையில் வயலிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். போட்டோ எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். எப்போதும் ஒன்றும் எழுதாத அக்கா, “இதுதான், இதுதான்” என்று இரண்டு தடவை எழுதினார்.

மார்கழி பிறக்கிற சமயத்தில் அறுவடை. முதல் லோடு தம்பி வெங்காயம்தான். நானே தரம் பிரித்தேன். கண்டெய்னர் புறப்பட்ட அன்று தம்பி ஷெட்டு வாசலில் நின்று பார்த்தான். “கப்பல நான் பாத்ததே இல்லக்கா. என் வெங்காயம் பாக்கப் போவுது” என்றான்.

மறுநாள் காலையில் நான் ஷெட்டுக்குள் நுழையும்போது முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வெங்காய ஏற்றுமதிக்குத் தடை என்று டெல்லியிலிருந்து உத்தரவு வந்திருந்தது. வடக்கே பெரிய வெங்காயம் விலை ஏறிவிட்டதாம். உத்தரவில் வெங்காயம் என்று மட்டும் இருந்தது. சின்னது பெரியது என்ற பேதம் இல்லை. எங்கள் கண்டெய்னர் துறைமுக வாசல் வரைக்கும் போய்விட்டது. உள்ளே போகவில்லை.

“இது சாம்பார் வெங்காயம் சார், வடக்க இத எவன் திங்கிறான்?” என்று முதலாளி யாரிடமோ கத்தினார். கத்தி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் எல்லோரும் நிற்பதையே கவனிக்காமல் இருந்தார்.

இரண்டொரு நாளில் நீக்கிவிடுவார்கள் என்று கண்டெய்னரை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அக்கா தினமும் கூப்பிட்டார். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ கேட்டார்: “நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள், பிள்ளை? காசு இல்லாத நேரம் நாங்கள் வாங்கேல்லை, சரி. இப்ப வாங்க வந்திருக்கிறம். உங்களிட்டயும் இருக்கு. பிறகேன்?”

“எனக்குத் தெரியலக்கா” என்றேன். அவர் என்னைத்தான் கேட்கிறார் என்பதுபோல எனக்கு அவமானமாக இருந்தது.

கண்டெய்னர் திரும்பி வந்தபோது கதவைத் திறந்ததும் அடித்த வாடையில் இரண்டு பெண்கள் வாந்தி எடுத்துவிட்டார்கள். அடுக்கின் நடுவில் இருந்த பைகள் சூடாக இருந்தன. வெளிப் பைகளில் முளை எட்டிப்பார்த்தது. நல்லதைப் பொறுக்கி எடுக்க முகத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து பையைப் பிரித்தால் ஒரு பை தேறும். தம்பி வந்து ஓரமாக நின்றான். நான் அவனைப் பார்க்காமல் வேலை செய்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தான்.

“நீ எந்திரிடா. நாங்க பாத்துக்கறோம்.”

“என் வெங்காயந்தானக்கா” என்றான்.

மிச்சம் இருந்த விளைச்சலை வயலோரம் பட்டறை போட்டுச் சேமித்தான். மண்ணிலிருந்து உயர்த்தி, கீற்றால் மறைத்து, காற்றுப் போகிற மாதிரி நேர்த்தியாகத்தான் போட்டான். ஆனால் மாவட்டம் பூராவும் வெங்காயம் தேங்கி நின்றது. லோக்கல் மார்க்கெட்டில் கேட்பாரில்லை. தைப் பனியில் பட்டறைக்குள்ளும் அழுகல் பிடித்தது. இடையில் நட்பு நாடுகளுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்புவார்கள் என்று செய்தி வந்தது. தம்பி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். அது அரசாங்கம் வேறு வழியாக அனுப்புவது, நம் ஷெட்டுக்கு அதில் இடமில்லை என்று நான்தான் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. மாசியில் பட்டறையைப் பிரித்து எல்லாவற்றையும் வாய்க்கால் ஓரம் கொட்டினான். ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின.

பங்குனியில் ஒரு நாள் ஷெட்டிலிருந்து திரும்பும்போது அவன் வீட்டு வாசலில் மினி வேன் நின்றது. கட்டில், பாத்திரம், பிள்ளையின் சைக்கிள் எல்லாம் ஏற்றியாயிற்று. என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. “பழைய காண்டிராக்டர் வரச் சொல்லிட்டாரு. போயிட்டு வரேன்” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு அழுதிருப்பேன். அவன் மனைவி வேனில் ஏறும் முன் என் கையைப் பிடித்து அழுத்தினாள். குற்றம் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோடையில் தடையை எடுத்தார்கள். கூடவே ஏற்றுமதிக்கு ஒரு வரியைப் போட்டார்கள். நான் அன்றே கொழும்புக்குக் கூப்பிட்டேன். அக்கா நலம் விசாரித்தார், தம்பியை விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“உன்னோட ஒளிச்சு என்ன, பிள்ளை. அந்த நேரம் கடையைச் சும்மா பூட்டி வைக்க ஏலாமல் வேற நாட்டுச் சாமான் எடுத்தனான். ருசி உங்கடை மாதிரி இல்லை. ஆனா இஞ்ச சனம் அதுக்குப் பழகிட்டினம். இப்ப அவங்களை விட்டிட்டு வந்து, நாளைக்கு உங்கடை ஆக்கள் திருப்பியும் மூடினால் நான் எங்க போறது?”

“நீங்க சொல்றது சரிதாங்க்கா” என்றேன். சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த ஐப்பசியில் அவர் ஒரு கோயில் சுற்றுலாக் கூட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தார். திருமழபாடிக்கு வருகிற நாளைச் சொல்லி, “ஒருக்கா முகத்தைக் காட்டு” என்றார். தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். வருவான் என்று நினைக்கவில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவன் எனக்கு முன்பே வந்து கோயில் வாசலில் நின்றிருந்தான். வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறான். புருவத்தில் வெள்ளைத் தூசி ஒட்டியிருந்தது. இருமினான்.

நான் நினைத்திருந்ததைவிட அக்கா ரொம்பக் குள்ளம். நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தொட்டார். தேயிலைப் பாக்கெட் இரண்டைப் பையிலிருந்து எடுத்து ஒன்றை எனக்கும் ஒன்றைத் தம்பிக்கும் கொடுத்தார். கொள்ளிடக் கரையில் மூவரும் உட்கார்ந்தோம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

தம்பி திடீரென்று கேட்டான்: “ஏங்க, என் வெங்காயம் நல்லாத்தான இருந்துச்சு?”

அக்கா அவனையே பார்த்தார். “படத்தில பார்த்தன் தம்பி. இத்தனை வருஷத்தில அப்பிடி ஒரு வெங்காயம் நான் பார்க்கேல்லை.”

அவன் தலையாட்டினான். அக்காவின் கண் கலங்கியது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “நாங்கள் ரெண்டு பக்கமும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு பிழையும் செய்யேல்லை. பாருங்கோ, எப்பிடி ஆச்சு” என்றார். வேன்காரர் ஹாரன் அடித்தார். தம்பி அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்துவிட்டு வந்தான்.

வேன் போன பிறகு, “வாடா, ஒரு டீ குடிக்கலாம்” என்றேன். “ஷிஃப்ட்டு இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினான். நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தும் மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் நல்லது கெட்டதுக்கு வருகிறான், போகிறான். கேட்டதற்குப் பதில் சொல்கிறான். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மட்டும் எதற்கும் சொல்வதில்லை. ஷெட்டு வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது. வெங்காயம் பெரும்பாலும் திருச்சி மார்க்கெட்டுக்குத்தான் போகிறது. போன மாதம் முதலாளி மலேசியாவிலிருந்து யாரோ கேட்கிறார்கள் என்றும், விதை ஊன்ற ஆள் பார் என்றும் சொன்னார். சரி என்றேன். யாரிடமும் போகவில்லை. விஷயம் எப்படியோ பரவி, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தானே என்னைத் தேடி வந்தாள். புருஷன் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறானாம்.

“உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீ சொல்லுக்கா, போடலாமா வேணாமா?”

நான் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

நான் மறைக்கிறேன் என்று நினைத்திருப்பாள். முகம் சுருங்க எழுந்து போனாள்.